ஐந்து மணிக்குள் எண்பது டிகிரி

“சாயங்காலம் அஞ்சு மணி. அதுக்குள்ள இந்த வீடு எண்பது டிகிரிக்கு இறங்கணும். இறங்கலையா, உன்னை வண்டியில ஏத்திக்கிட்டு ஃப்ளாக்ஸ்டாஃப் போயிட்டே இருப்பேன். உன் சித்தி வீட்டுல குளுகுளுன்னு படுத்துக்கிட்டுப் பிள்ளையப் பெத்துக்க.”

வெர்னா சொன்னால் சொன்னதுதான். இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். பஸ் ஒரு நிமிஷம் நிற்கும் என்றால் ஒரே நிமிஷம்தான்; பிள்ளை ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தாலும் சாத்தின கதவு சாத்தினதுதான். பெற்ற மகள் ஷான்டீனையே அப்படி இரண்டு தடவை புழுதியில் நிற்கவிட்டுப் போனவள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷான்டீனுக்கு இப்போது நிறைமாதம். டாக்டர் குறித்துக் கொடுத்த தேதிக்கு நான்கே நாள். அடுப்படி ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டு, துணி துவைக்கிற பிளாஸ்டிக் தொட்டியில் ஐஸ் தண்ணீரை ஊற்றி, அதில் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே வெயில் சதமடித்து அதற்கு மேலும் எட்டு டிகிரி எடுத்துவிட்டது. வீட்டுக்குள் எண்பத்தொன்பது. எல்லாம் ஃபாரன்ஹீட் கணக்கு.

காலையில்தான் நடைச் சுவரில் இருந்த பழைய தெர்மோஸ்டாட் கண்ணை மூடிற்று. ஏசியைப் பார்த்து ஓடு, நில் என்று உத்தரவு போடுகிற சின்னப் பெட்டி. புது பேட்டரி போட்டுப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், வெர்னா திட்டியும் பார்த்தாள். ம்ஹூம். ஏசிக்கு ஒரு குறையும் இல்லை, உத்தரவு போட ஆளில்லாமல் சும்மா கிடந்தது. ரிப்பேர்காரனைக் கூப்பிட்டால் செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்கிறான். அன்றைக்குச் சனிக்கிழமை!

ஃப்ளாக்ஸ்டாஃப் போக ஷான்டீனுக்கு இஷ்டமில்லை. மலைமேல் ஊர், குளிர்ச்சிதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் அவர்கள் ஊரான லெச்சீயிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். அவள் புருஷன் டாரல் பக்கத்து ஊரான பேஜில், ஏரியில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறான். ஜூலை மாதம் லீவு கிடையாது. “வலி எடுத்துச்சுன்னா போன் வரட்டும், அந்த நிமிஷமே படகை வேற ஆள்கிட்ட விட்டுட்டுக் கிளம்பு” என்று முதலாளி பெரிய மனது பண்ணியிருந்தான். பேஜ் ஆஸ்பத்திரி என்றால் பத்து நிமிஷத்தில் வந்து நிற்பான். ஃப்ளாக்ஸ்டாஃப் என்றால் வந்து சேர்வதற்குள் பிள்ளையைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றிவிட்டிருப்பார்கள். முதல் பிள்ளை! பிறக்கிற நொடியில் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஒன்பது மாதமாக மனசில் கட்டிவைத்திருக்கிறான் மனுஷன்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது. அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோக்காரர்களில் இன்றைக்கு எத்தனையோ வீடுகளில் இதை விட்டுவிட்டார்கள். வெர்னா விடவில்லை. பார்த்தால் கண் அவிந்துபோகும் என்பது பழைய பேச்சு. கண்ணாவது மண்ணாவது, இது மரியாதை என்பாள் வெர்னா. கல்யாணமாகி இரண்டு வருஷமாகிறது. டாரல் முகம் அவளுக்குப் போட்டோவில்தான் தெரியும். அவள் எங்கே நடந்தாலும் இடுப்பில் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே நடப்பாள். சத்தம் கேட்டதும் டாரல் விலகிக்கொள்வான்.

அப்படியிருக்கப் பிரசவ அறையில் யார் நிற்பது? அம்மா உள்ளே இருந்தால் புருஷன் வெளியே. புருஷன் உள்ளே இருந்தால் அம்மா வெளியே. இரண்டு பேருக்குமே உள்ளே நிற்க ஆசை. இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. ஃப்ளாக்ஸ்டாஃப் போய்விட்டால் அந்தப் பேச்சே வேண்டாம், தூரமே பார்த்துக்கொள்ளும். வீட்டை எண்பதுக்கு இறக்கிவிட்டால் டாரலுக்கு ஒரு வழி இருக்கிறது. ஷான்டீன் உள்ளுக்குள் துடித்துக்கொண்டிருந்தது இதற்குத்தான்.

அடுப்படிக் கடிகாரம் இரண்டே கால் காட்டும்போது, காலைப் படகு முடிந்த கையோடு, டாரலின் வண்டி பின்பக்கம் வந்து நின்றது. வெர்னா சாவியைக் குலுக்கிக்கொண்டு நடைக்குள் போய், அடுப்படிக்கும் நடைக்கும் நடுவே தொங்கிய கம்பளியை இழுத்துவிட்டாள்.

“வாங்கிட்டேன்!” ஜன்னலுக்கு வெளியே டாரல் அட்டைப்பெட்டியைத் தூக்கிக் காட்டினான். முகமெல்லாம் பல். “நீ சொன்ன அதே மாடல். கடையில கடைசிப் பெட்டி. ஒரு கிழவர் கையை நீட்டிட்டாரு, நான் முந்திட்டேன்.”

காலையிலேயே ஷான்டீன் பழைய பெட்டியின் மூடியைக் கழற்றி வயர்களைப் போட்டோ எடுத்து, எந்த எழுத்தில் எந்த நிற வயர் போகிறது என்று கம்பெனி ஆப்பில் பதிந்து பார்த்திருந்தாள். ‘உங்கள் வீட்டுக்குப் பொருந்தும்’ என்று பச்சையில் வந்தது. கூடவே கீழே ஒரு வால்: ‘சி என்ற வயர் இருந்தால்’. பழைய பெட்டி பேட்டரியில் ஓடியது. புதுசு ஸ்மார்ட் ஆயிற்றே, அதற்கு ஓயாமல் மின்சாரம் வேண்டும். அதைக் கொண்டுவருகிற வயர்தான் சி. இந்த வீட்டுச் சுவரில் அது இல்லை.

“இல்லைன்னா என்ன, சுவருக்குள்ள ஒரு உபரி வயர் சுருண்டு கிடக்கும். எல்லா வீட்லயும் விட்டுவைப்பாங்க” என்றான் டாரல். “நான் இங்க மெஷின் பக்கம் ஒரு முனையை மாட்டறேன். அங்க சுவர்ப் பக்கம் யாராச்சும் ஒரு முனையை மாட்டணும். உங்கம்மாவை ரூமுக்குப் போகச் சொல்லு, ரெண்டையும் நானே முடிச்சிடறேன்.”

கம்பளிக்குப் பின்னால் இருந்து உடனே வந்தது பதில். “ஷான்டீன்! உன் படகுக்காரர்கிட்ட சொல்லு. இது நான் கட்டின வீடு. என் சுவர்ல என்னைத் தவிர வேற எவரும் கை வைக்கக் கூடாது. படகுல ஓட்டை போட்டுப் பழகின கை.”

“என்ன சொல்றாங்க?” என்றான் டாரல், காதில் விழாதவன் மாதிரி. காதில் விழாமல் எங்கே போகும்? எட்டடி தூரம், நடுவே ஒரு கம்பளி, ஒரு ஜன்னல். ஆனால் வெர்னாவின் வாயிலிருந்து நேராக வந்ததை டாரல் கேட்கலாகாது. ஷான்டீன் சொன்ன பிறகுதான் அது அவனுக்குப் பேச்சு. அதுவும் கொல்லைப்புற அறைக்குள் ஏசி மெஷினுக்குள்ளே தலையை விட்டுவிட்டான் என்றால் நிஜமாகவே ஒன்றும் கேட்காது.

“சுவர்ப் பக்கம் அம்மா பாத்துக்கிறாங்களாம்” என்றாள் ஷான்டீன்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இரண்டு வருஷமாக இவள்தான் அந்த வீட்டு மத்தளம். இந்தப் பக்கத்து முள்ளை எடுத்துவிட்டு அந்தப் பக்கம் கொடுப்பாள், அந்தப் பக்கத்து முள்ளை எடுத்துவிட்டு இந்தப் பக்கம் கொடுப்பாள். “உங்கம்மாவுக்குக் கொழுப்பு” என்பது “அவருக்கு உங்க மேல ரொம்ப மரியாதைம்மா” என்று போய்ச் சேரும். அதில் அவளுக்கு ஒரு பெருமை வேறு.

மெயின் சுவிட்சை அணைத்தார்கள். ஃபிரிட்ஜ்கூட மூச்சடங்கியது. வெர்னா ஒரு கையில் டார்ச், ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர். பழைய பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றுகிற சத்தம் கேட்டது.

“வயர் எத்தனை இருக்குன்னு கேளு” என்றான் டாரல்.

“வயர் எத்தனைம்மா?”

“அஞ்சு. சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, ஆரஞ்சு. எனக்கு எண்ணத் தெரியாதுன்னு நினைப்பா அவருக்கு?”

“அஞ்சு இருக்காம் டாரல்.”

“நீலம்? சுவருக்குள்ள விரலை விட்டுப் பாக்கச் சொல்லு.”

“விரலை விடறதா? தேள் இருந்தா அவர் விரலைக் கொடுப்பாராமா?” என்று சொல்லிக்கொண்டே வெர்னா விரலை விட்டாள். ஷான்டீன் தொட்டித் தண்ணீரில் கால்விரலை மடக்கிக்கொண்டு காத்திருந்தாள். வயர் இல்லையென்றால் எல்லாம் போச்சு. இந்த ஊரில் இந்த நேரத்துக்குப் புது வயர் இழுக்க யார் வருவார்கள்?

“யாதிலா!” என்று கத்தினாள் வெர்னா. வெர்னா வாயில் யாதிலா வந்தால் ஒன்று தலைபோகிற கோபம், இல்லையென்றால் தலைகால் புரியாத சந்தோஷம். “இருக்குடி! உள்ள சுருண்டு கிடக்கு! நீலம்!”

“இருக்காம்! இருக்கு!” ஷான்டீன் தொட்டிக்குள்ளேயே எழுந்து நின்றுவிட்டாள். தண்ணீர் நாலாபக்கமும் சிதறியது. ஜன்னலுக்கு வெளியே டாரல் இரண்டு கையையும் தூக்கி ஒரு ஆட்டம் போட்டான். நிறைமாதக்காரி குதிக்கலாமா என்று இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே சமயத்தில் அதட்டல் வந்தது. மாமியாரும் மருமகனும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

டாரல் மெஷின் பக்கத்து நீல முனையைத் தேடிப் பிடித்து சி என்று எழுதியிருந்த இடத்தில் முடுக்கினான். அதற்கே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டான். நடுவில் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான், வண்டிக்குப் போய் வேறு ஸ்க்ரூ டிரைவர் தேடினான். “கொஞ்சம் சீக்கிரம்” என்று ஷான்டீன் கெஞ்சினாள்.

“பதறாத காரியம் சிதறாது. நேரம் கிடக்கு நிறைய” என்று சிரித்தான் அவன். மணி மூன்றரை. எங்கே இருக்கிறது நேரம்? அவளுக்கு அழுகை வந்தது.

நடையில் வெர்னா புதுப் பெட்டியின் அடித்தகட்டைச் சுவரில் அடித்து, ஆறு வயர்களையும் அதனதன் எழுத்தில் செருகி, முகப்பை அழுத்தி மாட்டினாள். மெயினைப் போட்டார்கள். நடை இருட்டில் வட்டமாக ஒரு வெளிச்சம் பூத்தது. “அடியம்மா, நிலா மாதிரி இருக்கே!” என்று வெர்னா தன்னை மறந்து சொன்னாள். சொன்ன உடனே தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

மிச்ச வேலை ஷான்டீனின் போனில். ஆப் ஒவ்வொன்றாகக் கேட்டது. இணையக் கடவுச்சொல், போட்டாள். வீடு இருக்கும் இடத்தின் தபால் எண், போட்டாள். லெச்சீக்கு ஏது தனித் தபால் எண், பேஜின் எண்தான். அடுத்து ஒரு கேள்வி: ஆரஞ்சு வயர் ஓ வகையா, பி வகையா?

அந்த வீட்டு மெஷின் ஒன்றே குளிர்காலத்தில் சூடும் கோடையில் குளிரும் தரும். எப்போது எதைத் தருவது என்று சொல்கிறது அந்த ஆரஞ்சு வயர்தான். சில கம்பெனி மெஷின்கள் ஓ, சில கம்பெனி பி. மாற்றிச் சொன்னால் மெஷினுக்குப் புத்தி மாறிவிடும்.

“டாரல்! ஓவா, பியா?”

“ஓ! கண்ணை மூடிட்டு ஓ போடு. எல்லா ஊர்லயும் ஓதான்.”

கம்பளிக்குப் பின்னால் இருந்து வெர்னா: “அவர் கண்ணை மூடிட்டுத்தான் படகும் ஓட்டறாரா? பழைய பெட்டியோட மூடிக்கு உள்பக்கம், மாட்டின ஆளு கொட்டை எழுத்துல ‘பி’ன்னு எழுதி வட்டம் போட்டிருக்கான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியுமா உன் வீட்டுக்காரருக்கு, இல்லை சுக்கான் திருப்ப மட்டும்தான் தெரியுமா? ரெண்டு வருஷமா நானும் கேக்கறேன், எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒரு பேச்சு!”

அப்பப்பா, எத்தனை முள்! ஷான்டீனுக்குக் காது கூசிவிட்டது. இது அப்படியே போனால் அவன் கோபித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிடுவான். மணி நான்காகப் போகிறது. அவள் பழக்கப்படி முள்ளையெல்லாம் பிடுங்கினாள், பிடுங்கினாள், கடைசியில் கையில் மிஞ்சியதை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள்.

“பாத்துப் பண்ணச் சொல்றாங்க அம்மா.”

“பாத்துதான் பண்றேன். ஓ போடு.”

ஓவை அழுத்தினாள். குளிர் என்பதை அழுத்தினாள். எண்பது என்று வைத்தாள். கொல்லைப்புறத்தில் மெஷின் உறுமிக்கொண்டு எழுந்தது. கூரையிலிருந்த காற்றுவழியில் புஸ்ஸென்று காற்று இறங்கியது. ஷான்டீன் முகத்தை நிமிர்த்தி, கண்ணை மூடி, கையை விரித்துக் காட்டினாள்.

சூடு! ரொட்டி சுடுகிற அடுப்பைத் திறந்த மாதிரி சூடு!

“ஐயையோ! வேக வைக்கிறாரு! என்னையும் என் பொண்ணையும் வேக வைக்கிறாரு!” வெர்னா நடையில் குதித்த குதியில் சுவரில் மாட்டியிருந்த படம் கீழே விழுந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது இதுதான். எண்பத்தொன்பது தொண்ணூறாயிற்று. தொண்ணூறு தொண்ணூற்றொன்றாயிற்று.

“என்னாச்சு? வயர்லாம் சரியாத்தானே இருக்கு?” என்று டாரல் வெளியே தலையைப் பிடித்துக்கொண்டு அங்கும் இங்கும் ஓடினான். “மெஷினே போச்சா?”

“போகல!” என்று கத்தினாள் ஷான்டீன். அவளுக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. “டாரல், நான்தான்… அம்மா அப்பவே சொன்னாங்க. மூடிக்கு உள்ள ‘பி’ன்னு எழுதியிருக்குன்னு சொன்னாங்க. உன்னைத் திட்டிக்கிட்டே சொன்னாங்களா, நான் திட்டை எடுக்கறேன்னு அதையும் சேத்து எடுத்துட்டேன்.”

டாரல் ஜன்னல் கிட்டே வந்தான். “என்ன திட்டு?”

“எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியுமான்னு.”

“அட! இது ஒரு திட்டா? எங்க முதலாளி தினமும் கேக்கறாரு” என்றான் அவன். “இனிமே முள்ளோடவே குடு தாயே. மீனைத் திங்கறவனுக்கு முள்ளை எடுக்கத் தெரியும். பிக்கு மாத்து, மாத்து, மாத்து!”

மாற்றினாள். மெஷின் நின்றது. போனில் ஒரு வரி வந்தது: மெஷினைக் காப்பாற்ற ஐந்து நிமிஷம் காத்திருக்கவும். ஐந்து நிமிஷம்! தொட்டியில் ஐஸ் கரைந்து காணாமல் போயிருந்தது. வயிற்றுக்குள் பிள்ளை ஒரு உதை உதைத்தது, அதற்கும் பொறுக்கவில்லை போலிருக்கிறது.

டக். மெஷின் எழுந்தது. காற்று இறங்கியது. முதலில் சூடு. அப்புறம் சூடுமில்லை குளிருமில்லை. அப்புறம், ஆகா, ஆகாகா! ஷான்டீனின் கழுத்து வியர்வையில் சில்லென்று ஒரு விரல் தடவின மாதிரி இருந்தது. “குளிருது! அம்மா, குளிருது! டாரல், குளிருதுடா!” என்று சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். வெர்னா நடையில் காற்றுவழிக்குக் கீழே நின்று கொண்டை ஊசிகளை உருவிப் போட்ட சத்தம்கூடக் கேட்டது. “பரவால்ல” என்றாள். வெர்னா பரவாயில்லை என்றால் அது மற்றவர்கள் கைதட்டுவதற்குச் சமம்.

இனி எண்ணிக்கை. தொண்ணூறு. எண்பத்தொன்பது. எண்பத்தெட்டுக்கு வர இத்தனை நேரமா? ஷான்டீன் போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திரைச்சீலைகளை இழுத்துவிட்டாள், அடுப்பு பக்கம் யாரையும் போகவிடவில்லை. எண்பத்தேழு. எண்பத்தாறு. நன்றாகத்தான் இறங்குகிறது, ஆனால் அடுப்படிக் கடிகாரமும் சும்மா இருக்கவில்லை. ஐந்து மணி ஆனபோது எண்பத்தைந்தில் நின்றது.

நடையில் சாவிக்கொத்து குலுங்கியது. பையின் ஜிப் இழுபடுகிற சத்தம்.

“அம்மா! இறங்கிக்கிட்டே இருக்கும்மா. இன்னும் கொஞ்ச நேரம்!”

“அஞ்சுன்னா அஞ்சு. எண்பதுன்னா எண்பது. நான் பேச்சு மாத்தறவ இல்லை. செருப்பைப் போட்டுக்க.”

ஷான்டீன் ஜன்னலுக்குத் திரும்பினாள். “டாரல், அஞ்சு ஆயிடுச்சு. அம்மா கிளம்பச் சொல்றாங்க.”

“அஞ்சா?” நிழலில் சாய்ந்திருந்தவன் தூக்கிவாரிப்போட்டு எழுந்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். “நாலுதானே ஆகுது! இன்னும் முழுசா ஒரு மணி நேரம் இருக்கு!”

அடக் கடவுளே! ஷான்டீன் தலையில் அடித்துக்கொண்டாள். லெச்சீயில் கோடை வந்தால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், நவஹோ நாடு முழுக்க அப்படித்தான். மூன்று மைல் தள்ளி பேஜில் தள்ள மாட்டார்கள். போனை நம்ப முடியாது. அது எந்தக் கோபுரத்தைப் பார்க்கிறதோ அந்த ஊர் மணியைச் சொல்லும். அதனால் இந்தப் பக்கத்தில் ஒருவரிடம் நேரம் சொன்னால் அடுத்த வார்த்தை “உங்க மணியா, எங்க மணியா?” என்பதுதான். பால் குடிக்கிற பிள்ளைகூடக் கேட்கும். காலையில் போனில், பதற்றத்தில், “அஞ்சு மணிக்குள்ள” என்று மட்டும் சொல்லிவிட்டாள் இவள். இரண்டு வருஷமாகப் படகுக்கார மணியிலேயே வாழ்கிறவன், தன் மணிக்கு எடுத்துக்கொண்டான். நிழலில் உட்கார்ந்து நிதானமாகத் தண்ணீர் குடித்தது அதனால்தான்.

“அம்மா, அவருக்கு இப்ப நாலும்மா. பேஜ் மணிக்கு நாலு. நான்தான் எந்த மணின்னு சொல்லாம விட்டுட்டேன்.” இந்தத் தடவை ஒன்றையும் எடுக்கவில்லை, சேர்க்கவில்லை.

“பேஜ் மணியா? என் வீட்டுக்குள்ள?” வெர்னாவின் குரல் ஏறியது. இருபத்தாறு வருஷம் நவஹோ மணிக்குப் பஸ் ஓட்டினவள். பேஜில் கறி வாங்கப் போனாலும் கடிகாரத்தைத் திருப்பாதவள். கடை மூடியிருந்தால் கடைக்காரன்மேல்தான் தப்பு என்பாள். “இந்த வீட்டுக்குள்ள பேஜ் மணி இதுவரைக்கும் வந்ததில்லை, இனியும்…”

பேச்சு பாதியில் நின்றது.

ஷான்டீன் கம்பளியை விலக்கிப் பார்த்தாள். வெர்னா ஒரு தோளில் பையோடு, சுவரில் இருந்த புதுப் பெட்டிக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். வட்டத்தின் நடுவே பெரிதாக எண்பத்தைந்து. அதன் கீழே பொடியாக, பேஜின் தபால் எண்ணைக் கொடுத்ததால் அதுவே எடுத்துக்கொண்ட நேரம்: நான்கு மணி ஒரு நிமிஷம்.

வெர்னா அதையே பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே, நூற்றெட்டு டிகிரி வெயிலில், டாரல் இரண்டு கையாலும் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“என் கையால நான் மாட்டினது” என்றாள் வெர்னா மெதுவாக. “என் சுவர்ல இருக்கு. என் சுவர்லயே நாலுன்னு இருந்தா நாலுதான். பஸ் இன்னும் ஒரு மணி நேரம் நிக்கும்னு சொல்லு.”

ஷான்டீன் ஜன்னல் பக்கம் திரும்பினாள். தலையை மட்டும் ஆட்டினாள். டாரலுக்குப் புரிந்துவிட்டது. அப்படியே ஜன்னல் கட்டையில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

அந்த ஒரு மணி நேரம் போன வேகம் சொல்லி மாளாது. எண்பத்துநான்கு! டாரல் ஓடிப்போய் கொல்லையில் வெயிலில் நின்ற மெஷினின் மறுபாதிக்கு நிழலாக ஒரு தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். எண்பத்துமூன்று! வெர்னா ஈரத் துணியைக் கதவிடுக்கில் அடைத்தாள். எண்பத்திரண்டு! “அவரைக் கையை இறக்கச் சொல்லு, காத்துப் போற வழியை மறைக்கப்போறாரு” என்றாள் வெர்னா. “அம்மா சொல்றாங்க, காத்தை மறைக்காதேன்னு.” “மறைக்கல, நாலடி தள்ளித்தான் நிக்கறேன்னு சொல்லு.” எண்பத்தொன்று! அங்கேயே பன்னிரண்டு நிமிஷம் நின்று உயிரை வாங்கியது. பிறகு, சுவர்ப் பெட்டியில் நான்கு ஐம்பத்திரண்டு ஆகும்போது, எண்பது.

“எண்பது!” ஒரே சமயத்தில் மூன்று குரல். கொல்லையில் தார்ப்பாய் ஆகாயத்தில் பறந்தது. வெர்னா பையைக் கீழே போட்டுவிட்டு மகளைக் கட்டிக்கொண்டாள். உடனே விட்டுவிட்டு, “சரி சரி, அவரை உள்ள வரச் சொல்லு. வெயில்ல விழுந்து வைக்கப்போறாரு” என்று சாவியைக் குலுக்கிக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

டாரல் உள்ளே வந்தான். முகம் சுட்ட மிளகாய் நிறத்தில் இருந்தது. காற்றுவழிக்குக் கீழே நின்று இரண்டு கையையும் தூக்கினான். ஷான்டீன் அவன் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். “பத்து நிமிஷம்தான் டாரல், பேஜ் ஆஸ்பத்திரிக்கு. பத்தே நிமிஷம்.”

“ஷான்டீன்” என்று சாத்தின கதவுக்குப் பின்னால் இருந்து வெர்னாவின் குரல் வந்தது. பஸ் ஓட்டுகிறவளின் குரல் இல்லை. “உன் வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லும்மா.”

“நீ பொறந்தப்ப உங்கப்பா சுரங்க வேலையில இருந்தாரு. மூணாம் நாள்தான் வந்தாரு. உன்னைத் தூக்கறதுக்கு அவருக்குக் கை வரல. வேத்து வீட்டுப் பிள்ளையைத் தூக்கற மாதிரி தூக்கினாரு. சாகற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டாரு வலி எடுத்தா இவர் உள்ள நிக்கட்டும். நான் வெளிய நிக்கறேன். கதவை ஒருச்சாச்சு வைக்கச் சொல்லு. நான் சுவத்தைப் பாத்துத் திரும்பி நின்னுக்கறேன். எனக்கு அழுகைச் சத்தம் கேட்டாப் போதும்.”

ஷான்டீன் புருஷன் பக்கம் திரும்பினாள். ஒரு முழ தூரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டவன்தான். ஆனாலும் சொல்ல வேண்டும், அவள் சொன்னால்தான் அது அவனுக்கு வந்து சேர்ந்ததாகும். சுரங்கம், மூன்றாம் நாள், வேற்று வீட்டுப் பிள்ளை, ஒருச்சாய்த்த கதவு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் முதல் தடவை கேட்பவன் போலக் கேட்டான்.

“உங்கம்மாகிட்ட சொல்லு…” என்று ஆரம்பித்தான். மறுபடி, “உங்கம்மாகிட்ட…” என்றான். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

“என்ன சொல்றாரு?” என்றாள் வெர்னா உள்ளேயிருந்து.

ஷான்டீன் ஒரு நொடி யோசித்தாள். “ஒண்ணும் சொல்லலம்மா. அழறாரு.”

“அழட்டும்” என்றாள் வெர்னா. “எனக்கும் அழுகைதான் வருது. அதையும் சொல்லிடு.”